கையேட்டைப் படிப்பவர்கள் எங்கே தடுக்குகிறார்கள்?

எங்கள் மென்பொருளின் நிறுவல் கையேட்டைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இந்தப் பக்கம் உதவியதா?’ என்ற கேள்வியும் இரண்டு பொத்தான்களும் ஏற்கெனவே இருந்தன. சேர்ந்திருந்த பதில்களை எடுத்துப் பார்த்தேன். ‘இல்லை’ என்று அழுத்தியவர் எந்த வரியில் தடுக்கினார் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. பாதியில் கைவிட்டவர்களில் பலர் பக்கத்தின் அடிவரை வந்திருக்கவே மாட்டார்கள். யாருடைய கருத்து மிகவும் தேவையோ, அவர்களே அந்தக் கணக்கில் இல்லை.

எனவே, மென்பொருளை அதுவரை தொட்டிராத சிலரை ஒவ்வொருவராக அழைத்து, கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவச் சொன்னேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடி செய்ய வேண்டும்; நான் உதவ மாட்டேன். பயன்பாட்டுச் சோதனைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் முறைதான். குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் இதில் கடினமான வேலை.

ஒருவர் முதல் கட்டளையை நகலெடுத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான முனையத்தில் ஒட்டினார். பிழை வந்தது. மறுபடி ஒட்டினார், அதே பிழை. கட்டளை தொடங்கும் இடத்தைக் காட்ட மட்டுமே அதற்கு முன்னால் அச்சிட்டிருந்த டாலர் குறியும் சேர்ந்தே வந்திருந்தது. இன்னொருவர், பழைய தரவுத்தளத்தை அழித்துப் புதிதாக உருவாக்கும் கட்டளையை ஓட்டி முடித்த பிறகுதான், அதற்குக் கீழே இருந்த ‘முதலில் காப்பு நகல் எடுத்துக்கொள்ளவும்’ என்ற வரிக்கு வந்தார். சோதனைக் கணினி என்பதால் இழப்பில்லை. முடிவில் அவரிடம் கையேடு எப்படி இருந்தது என்று கேட்டேன். “நன்றாக இருக்கிறது, தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்” என்றார். மனமாரத்தான் சொன்னார். கருத்து கேட்பதை மட்டும் நம்பியிருந்தால் அந்த எச்சரிக்கை இன்றும் கட்டளைக்குக் கீழேயே கிடந்திருக்கும்.

ஐந்து பேரைச் சோதித்தால் சுமார் 85 விழுக்காடு சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். பயன்பாட்டு ஆய்வாளர்களான யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணித மாதிரியிலிருந்து வந்த கணக்கு அது. ஐவரும் ஒரே வகை வாசகர்களாக இருந்தால் அதை ஏற்கலாம். புதியவர்கள் தடுக்கும் இடம் வேறு. ஆண்டுக்கணக்கில் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் அலுத்துப்போகும் இடம் வேறு. இரு தரப்பையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நீண்ட விளக்கப் பக்கங்களுக்கு இந்த முறை எடுபடவில்லை, அங்கே செய்து பார்க்க எதுவுமில்லை. நெதர்லாந்து ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த பிளஸ்-மைனஸ் முறை அங்கே கைகொடுத்தது. அச்சிட்ட தாளைக் கொடுத்து, பிடித்த இடத்தில் கூட்டல் குறியும் உறுத்திய இடத்தில் கழித்தல் குறியும் போடச் சொல்லி, பிறகு ஒவ்வொரு குறிக்கும் காரணம் கேட்க வேண்டும். காரணம் கேட்கும் அந்த உரையாடல்தான் முக்கியம். குறிகளை மட்டும் எண்ணிப் பயனில்லை.

தேடல் பதிவுகளையும் புரட்டினேன். பலர் திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே ஒட்டித் தேடியிருந்தார்கள். கையேட்டில் அந்தச் செய்திகள் எழுத்தில் இல்லை, திரைப்பிடிப்புப் படங்களாக மட்டுமே இருந்ததால் தேடலில் ஒன்றும் சிக்கவில்லை. அவற்றை முழு வாசகமாகத் தட்டச்சு செய்து, கீழே தீர்வையும் சேர்த்தோம்.

பக்க அடியிலிருந்த கேள்வியை இப்போது ‘எதைச் செய்ய முயன்றீர்கள், எங்கே நின்றுபோனது?’ என்று மாற்றியிருக்கிறோம். பொத்தான்கள் இல்லை, எழுதப் பெட்டி மட்டும்தான். பதில்கள் குறைவாகத்தான் வருகின்றன, ஆனால் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது பெரும்பாலும் அவற்றிலேயே இருக்கிறது. முகவரி கொடுத்து எழுதியவர்களுக்கு, திருத்தம் வெளியானதும் அந்தப் பக்கத்தின் சுட்டியை அனுப்பிவிடுகிறோம்.