பிஎஸ்ஏ மைக்ரோஸ்பியர் ஒருவழியா வந்துச்சு

மருந்தை உள்ள வெச்சு உடம்புக்குள்ள அனுப்பறதுக்கான சின்னச் சின்ன புரோட்டீன் உருண்டைதான் இது. பேப்பர்ல படிச்சா மூணு நிமிஷ வேலை. 5% பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருக்கற அல்புமின் புரோட்டீன்) கரைசல், மேல ஒரு லேயர் எண்ணெய், ரெண்டும் சேர்ற எடத்துல 20 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் புரோப்போட டிப் (நுனி), ஆன் பண்ணா பால் மாதிரி ஆகி எண்ணெயை உள்ள வெச்சுக்கிட்டு கோடிக்கணக்குல புரோட்டீன் உருண்டை. 1990லயே சஸ்லிக், கிரின்ஸ்டாஃப்னு ரெண்டு கெமிஸ்ட்டுங்க செஞ்சு காட்டிட்டாங்க. எனக்கு மூணு மாசம் ஆச்சு.

மொதல்ல டிப்பை ஆழமா இறக்கிட்டேன், எண்ணெய் மேலயே சும்மா மெதக்குது, கீழ வெறும் நுரை. பவர் பத்தலையோன்னு ஏத்துனேன், சூடு ஏறி அல்புமின் வெந்து முட்டை வெள்ளை மாதிரி கட்டி தட்டிருச்சு. அப்புறம்தான் டிப் சரியா அந்த எல்லைக்கோட்டுல ஒக்காரணும்னு புரிஞ்சது, கரைசலை 50 டிகிரி கிட்ட வெச்சு ஆரம்பிச்சேன், சூடு ஏறாம இருக்க கப்பை தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சேன்.

இதுக்கு நடுவுல ஒரு சீனியர் "உள்ள போற மருந்து ஆக்ஸிடைஸ் ஆயிரும், நைட்ரஜன் விட்டுக்க"ன்னார். கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு, நானும் விட்டேன், ரெண்டு வாரம் போச்சு. அல்ட்ராசவுண்டால உண்டாகற குமிழி வெடிக்கறப்ப அங்க இருக்கற ஆக்ஸிஜன்ல இருந்து சூப்பராக்ஸைடு வருது, அதுதான் பக்கத்து பக்கத்து புரோட்டீனோட சிஸ்டீனை (கந்தகம் இருக்கற அமினோ அமிலம்) டைசல்ஃபைடா, அதாவது கந்தகத்தோட கந்தகமா, கோத்து உருண்டையோட வெளி ஓடை கெட்டியாக்குதுன்னு அவங்க பேப்பர்லயே இருக்கு, காத்தையே வெளிய தள்ளிட்டா எது ஒட்டும்? படிச்சுட்டும் விட்டேன் பாருங்க.

கழுவும்போது இன்னொரு கூத்து. சென்ட்ரிஃப்யூஜ் பண்ணிட்டு வழக்கம்போல மேல இருக்கறதை கொட்டிட்டு அடில தேடுறேன், ஒண்ணுமில்ல. உள்ள எண்ணெய் இருக்கே, உருண்டை எல்லாம் ஆடை மாதிரி மேலதான் நிக்கும், அதைத்தான் சிங்க்ல ஊத்திருக்கேன்.

இப்போ மைக்ரோஸ்கோப்ல பெரும்பாலும் ரெண்டு மூணு மைக்ரான். ரத்தத்துல விடணும்னா இது முக்கியம், தந்துகி, அதாவது ரொம்ப சின்ன ரத்தக் குழாய், அகலமே எட்டு மைக்ரான் கிட்டதான், பெருசு நுரையீரல்ல போய் அடைச்சுக்கும். எண்ணெய்ல நைல் ரெட்ங்கற சாயத்தை கலந்து பார்த்தேன், ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் செவப்பு. டைசல்ஃபைடை உடைக்கற டிடிடி கெமிக்கல் கொஞ்சம் விட்டதும் ஓடு உடைஞ்சு சாயம் கலந்த எண்ணெய் தனியா மேல வந்துருச்சு, அதாவது டைசல்ஃபைடுதான் புடிச்சு வெச்சிருக்கு, அன்னிக்குதான் நிம்மதியா தூங்கினேன்.

தண்ணில கரையற மருந்தை இதுல அடைக்க நெனைக்காதீங்க, எண்ணெய்ல கரையறதுதான் உள்ள நிக்கும். டிப்பையும் அப்பப்ப பாருங்க, டைட்டானியம் அரிச்சு சாம்பல் கலர்ல பொடி கொட்டுது, என் கடைசி பேட்ச்ல அது இருந்துச்சு, மறுபடி முதல்ல இருந்து பண்ணிட்டு இருக்கேன்.