பாதி விலை கிளாம்பும் என் பாம் ஷெல்டரும்

நவம்பர் பிறந்தால் கைப்பேசி நச்சரிக்க ஆரம்பித்துவிடும். 11.11, அப்புறம் பிளாக் ஃபிரைடே, அது முடிந்த கையோடு 12.12. தீபாவளிச் செலவு போக மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத்தையும் கறக்காமல் விடமாட்டார்கள். மரவேலைப் பித்து பிடித்தவர்களுக்கு வீசப்படும் வலை பெரும்பாலும் கிளாம்ப்தான், அதாவது ஒட்டிய பலகைகளைப் பசை காயும்வரை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி. பெட்டி நிறைய கிளாம்ப், பாதி விலை, இன்றிரவு 12 மணிவரை மட்டும். "கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது" என்று மரவேலைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிச் சொல்லியே விற்பவர்களுக்கு வேலையை எளிதாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எத்தனை வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

என் பட்டறை சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டின் பாம் ஷெல்டர், வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் சின்னக் காப்பறை. அரிசி மூட்டை, பயணப்பெட்டி, அத்தையின் பூசைச் சாமான் எல்லாவற்றோடும் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறேன். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். அங்கே 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. நம் தாழ்வாரத்தின் அகலத்துக்கு அதைத் தாண்டி என்ன மிஞ்சும்? பெரிய அறுப்பெல்லாம் சுங்கை காடுட் மரக்கடையிலேயே முடித்துக்கொள்வேன். வீட்டில் இழைப்புளி, உளி, கைரம்பம், ஒரு பாட்டரி டிரில், அவ்வளவுதான். மேல் மாடி ஆன்ட்டி இதுவரை கதவைத் தட்டவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். மகளின் படிப்பு மேசைக்கு நியாத்தோ மரப் பலகைகள் ஆறு. ஒவ்வொன்றும் 120 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 2 கனம். பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் 60 சென்டிமீட்டர் அகலத்தில் மேற்பலகை. கிளாம்பின் அழுத்தம் தாடையிலிருந்து ஒரே கோடாகப் போவதில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரியில் விரிந்துகொண்டே போகும். ஓரப் பலகை 10 சென்டிமீட்டர் என்பதால், முதல் ஒட்டைத் தொடும்போது அது 20 சென்டிமீட்டருக்குப் பரவியிருக்கும். ஆக 20க்கு ஒன்று, மொத்தம் ஆறு. ஓரத்தில் 5 சென்டிமீட்டர் அகலக் கழிவுக் கட்டை ஒன்றைப் பசையில்லாமல் சும்மா வைத்து இறுக்கினால் பரவல் 30 ஆகிவிடும். நாலே போதும்! கழிவுக் கட்டைக்குக் காசு கிடையாது. இரண்டு கிளாம்பின் விலையை அது மிச்சம் பிடித்துத் தருகிறது.

எண்ணிக்கையோடு முடியவில்லை, பலமும் இருக்கிறது. நான் வாங்கும் டைட்பாண்ட் பசைக்கு அதன் தயாரிப்பாளர் சொல்வது, நடுத்தரக் கடினமுள்ள மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 175 பவுண்ட் அழுத்தம். என் ஒட்டு ஒவ்வொன்றும் சுமார் 37 சதுர அங்குலம். மேல் எண்ணை வைத்துப் பெருக்கினால் 6,500 பவுண்ட், கிட்டத்தட்ட மூன்று டன். பெஸ்ஸி நிறுவனத்தின் கே பாடி கிளாம்ப் ஒன்று 1,700 பவுண்ட் வரை இறுக்கும் என்கிறார்கள். நாலு சேர்ந்தால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. மாறாக, ஒரு கையால் விசையை அழுத்தி இறுக்கும் பிளாஸ்டிக் பிடி கிளாம்ப்களில் நடுத்தர வகை 300 பவுண்ட்தான் தரும். அவற்றை வைத்து இதே அழுத்தம் வேண்டுமானால் இருபதுக்கு மேல் வேண்டும். மலிவு விற்பனைப் பெட்டிகளில் நிரம்பி வழிவது இந்த ரகம்தான். பலகையைப் பெஞ்சில் பிடித்துவைக்க, அறுக்கும்போது நகராமல் இருக்க அருமையான சாமான், நானும் இரண்டு வைத்திருக்கிறேன். ஒட்டுவதற்கென்று வாங்கினால் காசு தண்டம். பலகை ஓரத்தை வெளிச்சம் தெரியாதபடி இழைத்திருந்தால் பசைத் தயாரிப்பாளர் சொல்வதைவிடக் குறைந்த அழுத்தத்திலும் ஒட்டு நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ரகத்தில் நாலு வைத்தால் கிடைக்கும் ஐந்தில் ஒரு பங்கோடு திருப்திப்பட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

கே பாடி புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். அதனால் நான் போன வழி பைப் கிளாம்ப். தலை, வால் என்று இரண்டு வார்ப்பு இரும்புத் துண்டுகள், நடுவில் முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாய். தலையையும் வாலையும் மட்டும் தள்ளுபடியில் இணையத்தில் வாங்கினேன். குழாயை இங்கேயே வாங்கிக்கொண்டால் நீள இரும்புக்குக் கப்பல் செலவு இல்லை. ஒரு சந்தேகம் இருந்தது. தலை அமெரிக்க மரை, நம் ஊர்க் குழாய் பிரிட்டிஷ் மரை. மரையின் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. நல்லவேளையாக அரை அங்குலத்திலும் முக்காலிலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். தண்ணீர் ஒழுகாமல் நிற்காது. கிளாம்பில் தண்ணீர் எங்கே ஓடுகிறது?

ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் நாலு குழாய் வெட்டி இரண்டு முனையிலும் மரை போட்டுத் தரச் சொன்னேன். அங்கிள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கே ஒழுகுது? பிளம்பர் வரலையா?" மேசை செய்யப் போகிறேன் என்றதும், "குழாயில் மேசையா?" என்றார். பையிலிருந்த தலையை எடுத்து அங்கேயே திருகிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரை போட்ட கூலியை வாங்கவில்லை. தள்ளுபடி என்றால் இதுதான் தள்ளுபடி.

ஒட்டும்போது குழாய்க்கும் பலகைக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்துவிடுங்கள். ஈரப் பசையும் இரும்பும் சேர்ந்தால் சில மரங்களில் கறுப்புக் கறை விழும், இழைத்தாலும் சுலபத்தில் போகாது. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் கடைசிப் பலகைக்கு வருவதற்குள் முதல் பலகையின் பசை தோல் கட்டிவிடும்.

வெளிநாட்டுத் தள்ளுபடி பற்றி இரண்டு வார்த்தை. 400 வெள்ளிக்குள் இருந்தால் பொருள் சேவை வரி இல்லை என்பது பழைய கதை. 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் வரி உண்டு. 2024 முதல் 9 விழுக்காடு. கிளாம்ப் என்பது இரும்பு, எடைக்குத் தகுந்த அஞ்சல் செலவு வேறு. "40 விழுக்காடு கழிவு" வீட்டு வாசலுக்கு வரும்போது பத்தாகக் கரைந்திருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் மின்சாரக் கருவி அங்கத்திய 120 வோல்ட்டுக்கானது, நம் சுவரில் 230. அதைத் தொடவே வேண்டாம்.

பழைய சாமானுக்கு அப்பா காலத்தில் சுங்கை சாலைச் சந்தை இருந்தது. என் ஸ்டான்லி நாலாம் நம்பர் இழைப்புளி அங்கே தரையில் விரித்த தார்ப்பாயிலிருந்து வந்தது. 2017 ஜூலையில் சந்தையை மூடிவிட்டார்கள். இப்போது எல்லாம் பழைய சாமான் விற்கும் கரோசல் செயலிதான். வேலை முடிந்து சொந்த நாடு திரும்புகிறவர்கள் கருவிகளைக் கொத்தாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில்தான் நல்ல சரக்கு அகப்படும்.

பழைய கிளாம்பைக் கையில் வாங்கியதும் நான் முதலில் கம்பியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்ப்பேன். வளைந்திருந்தால் வேண்டாம். அடுத்து, கையோடு கொண்டுபோகும் கட்டைத் துண்டை வைத்து இறுக்குவேன். நகரும் தாடை வழுக்கினால் கம்பியின் ஓரப் பல் தேய்ந்திருக்கிறது. அரத்தால் குறுக்கே லேசாக இழுத்தால் சிலது சரியாகும். அதைச் சொல்லியே ஐந்து வெள்ளி குறைக்கலாம். மரையில் காய்ந்த பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை, சுரண்டிவிடலாம். துருவும் பரவாயில்லை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல், புதிதாக வாங்கினாலும் துரு வரத்தான் செய்யும். பாட்டரிக் கருவியைப் பழையதாக வாங்குவதில்லை. செத்துப்போன பாட்டரிக்கு மாற்று வாங்கும் காசில் புது டிரில்லே வந்துவிடும்.

இப்போது ஜூரோங் வெஸ்டில் ஒருவர் கே பாடி ஒரு மீட்டர் ஜோடி ஒன்று போட்டிருக்கிறார். 120 வெள்ளி, "விலை பேச வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். படத்தில் ஒரு கைப்பிடி விரிசல் விட்டதுபோல் தெரிகிறது. நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. வீட்டுக்காரர், ஷெல்டரில் எந்த மூலை காலி என்று காட்டிவிட்டுப் போ என்கிறார்.