மணலில் படுத்த கொடியும் மச்சான் வாங்கிய பாட்டிலும்

மச்சானுக்கு ஒயின் தெரியும். தெரியும் என்றால், கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்" என்று சொல்லும் அளவுக்குத் தெரியும். லிஸ்பனில் எங்கள் வீட்டுக்கு அத்தையோடு வந்திருந்தவன், சிந்த்ராவைத் தாண்டி அட்லாண்டிக் கரையோரம் கொலாரஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, 1908-லேயே எல்லை வரையறுத்த ஒயின் பூமி, பார்த்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சொட்டுகூடத் தொடாத அத்தையும் கிளம்பிவிட்டார்.

தோட்டத்தைப் பார்த்ததும் மச்சான் முகம் தொங்கிவிட்டது. பச்சைப்பசேல் மலைச்சரிவு எதுவும் இல்லை. கடற்கரை மணல், குறுக்கும் நெடுக்குமாக நாணல் தட்டி, அதற்குள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கொடிகள், அவ்வளவுதான்.

"பந்தல் போடக் காசில்லையா மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

இங்கே அடிக்கிற உப்புக்காற்றுக்குப் பயந்துதான் கொடியைப் படுக்கவிடுகிறார்கள், பழம் முற்றும் சமயத்தில் மட்டும் சூட்டு மணலில் வெந்துபோகாமல் குச்சி முட்டுக்கொடுத்துத் தூக்கிவிடுவார்கள் என்று, சுற்றிக்காட்டிய பெண் சொன்னதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். அப்புறம்தான் விஷயமே வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பா முழுக்கத் திராட்சையைத் தின்று தீர்த்ததில், மற்ற ஊர்க்காரர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள்; இந்த மணலில் அந்தப் பூச்சியின் பருப்பு வேகவில்லை, அதனால் இங்குள்ள ரமிஸ்கோ என்ற திராட்சை ரகம் இன்றைக்கும் சொந்த வேரில்தான் நிற்கிறது. ஆனால் சும்மா இல்லை. மணலுக்கு அடியில் இருக்கும் களிமண்ணில்தான் நடவேண்டும், அதற்கு ஆழமாகக் குழி தோண்டணும், மணல் சரிந்து மூடினால் மூச்சுக்குக் கொஞ்சம் இடம் வேண்டுமே என்று அந்தக் காலத்து ஆட்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவார்களாம்.

அத்தை அங்கேயே நின்றுவிட்டார். எரு என்ன போடுவார்கள், எத்தனை வருஷத்தில் காய்க்கும், கூடைக்காரருக்குக் கூலி எவ்வளவு? அந்தப் பெண்ணும் சளைக்காமல் பதில் சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட எனக்கு நாக்கு வறண்டது. மச்சான் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி எங்களை இழுத்துப் போனான்.

1931-இல் தொடங்கிய கூட்டுறவுக் கூடம் அது. பெரிய பெரிய மரப்பீப்பாய்கள். கிளாஸ் வந்தது. சுழற்றினான், மோந்தான், குடித்தான். "ம்ம்" வரவில்லை. பச்சை வாழைப்பூவை மென்றவன் மாதிரி வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"நல்லா இல்லையாடா?" என்றார் அத்தை.

"இது... தரமான துவர்ப்பு அம்மா."

ரமிஸ்கோ அப்படித்தானாம், ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தான் வழிக்கு வரும். மானம் காக்க ஒரு பாட்டில் வாங்கினான். 500 மில்லிதான். விலையைக் கேட்ட அத்தை, கூடைக்காரர் கூலியையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் போல என்றார்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பெட்டியில் இடமில்லை, அத்தையின் ஆலிவ் எண்ணெய் டின்கள் அசைந்துகொடுக்கவில்லை, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பாட்டில் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் போன் போட்டு, என் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், பாட்டில் திறக்காமல்தானே இருக்கிறது என்று கேட்கிறான்.