நாலரை மணி அலாரமும் பதினேழு ஃபாரமும்

பதிப்பகத்துக்கு அனுப்பிய என் முதல் நாவலின் பிரதி, நான் வேலை பார்க்கும் அஞ்சலகத்துக்கே திரும்பி வந்தது. 2021 பிப்ரவரி கடைசி. காலையில் பையைப் பிரித்துத் தபால்களைப் பிரித்துக்கொண்டிருந்த போஸ்ட்மேன் அண்ணாச்சி, பழுப்புத்தாள் சுற்றிய ஒரு கட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் கவுண்டர் பக்கம் வந்தார். "மேடம், நீங்க அனுப்புன பார்சல் உங்களுக்கே வந்திருக்கு" என்றார். மேலே நானே அடித்த தேதி முத்திரை. அதன் பக்கத்தில், விலாசதாரர் இடம் மாறிவிட்டார் என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் அனுப்புநர் முகவரியாக அலுவலகத்தையே எழுதியிருந்தேன். 412 பக்கம், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எடை போட்டதும் நான்தான், இப்போது கையெழுத்துப் போட்டு வாங்கியதும் நான்தான்.

அன்றைக்கு அழக்கூட நேரம் இல்லை. கவுண்டரில் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கட்டை மேசைக்கு அடியில் காலருகே வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். சாயங்காலம் கணக்கு முடித்து பஸ் ஏறி, மடியில் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தொண்டை அடைத்தது.

நான் கோவில்பட்டியை ஒட்டிய ஒரு துணை அஞ்சலகத்தில் போஸ்டல் அசிஸ்டெண்ட். வீடு சாத்தூரில். போக வர தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகும். எங்கள் அம்மா முப்பது வருடம் தீப்பெட்டி ஒட்டியவர். நாவலும் அதைப் பற்றியதுதான்: ஒரு தெருவில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும், பெட்டி ஒட்டும் நான்கு பெண்கள். 2017இல் ஆரம்பித்தேன். முதல் வரைவு முடிய இரண்டரை வருடம் ஆனது.

எப்படி நேரம் கிடைத்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை, தூக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். நாலரைக்கு அலாரம். ஆறு மணிக்கு மகள் எழுந்துவிடுவாள், அடுப்படி வேலை ஆரம்பித்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் முதல் இருபது நிமிஷம் நேற்று எழுதியதைப் படிப்பதிலேயே போய்விடும். முதலில் ராத்திரியில்தான் எழுதிப் பார்த்தேன். நாள் முழுக்க அடுத்தவர் பணத்தை எண்ணிவிட்டு வந்த தலையில் எண்கள்தான் ஓடும், வாக்கியம் வராது. மூன்று மாதம் அப்படி வீணான பிறகுதான் காலைக்கு மாறினேன்.

பஸ்ஸில் போனில் எழுதினேன். உட்கார இடம் கிடைத்தால் ஒரு நடைக்கு இருநூறு வார்த்தை. குரலில் சொல்லித் தட்டச்சு செய்யவும் முயன்றேன். ஆனால் பஸ் இரைச்சலில் சொன்னது ஒன்று விழுவது ஒன்றாக இருந்தது, பக்கத்து சீட்டில் இருப்பவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். விட்டுவிட்டேன். பஸ்ஸில் செய்யத் தோதான வேலை வேறு ஒன்று உண்டு: உரையாடல். முன் சீட்டில் பேசுகிறவர்களின் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்போது பாத்திரங்களுக்கும் நாக்கு வந்துவிடுகிறது. விவரிப்புகளைக் காலைக்கு வைத்துக்கொண்டு, பேச்சை மட்டும் பஸ்ஸில் எழுதும் பழக்கம் அப்படித்தான் வந்தது. இன்றுவரை அதுதான்.

அலுவலகத்தில் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். நான் நல்லவள் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. கவுண்டரில் ஒரு சைபர் தவறினால் அது யாரோ ஒரு பாட்டியின் பென்ஷன். அந்தக் கவனத்தையும் நாவலையும் ஒரே நேரத்தில் என்னால் பிடித்துக்கொள்ள முடியாது. ஒரு சின்ன நோட்டு மட்டும் கைப்பையில் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு சொல், ஒரு பெயர், கவுண்டரில் கேட்ட ஒரு பேச்சு என்று குறித்துக்கொள்வேன். பெட்டி ஒட்டிச் சேர்த்த பணத்தைப் பேத்தியின் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போட வந்த ஒரு அம்மா, ரூபாய் நோட்டுகளை எண்ணிய விதம் நாவலில் ஒரு முழு அத்தியாயம் ஆனது. பசை பிடித்த விரல் நோட்டில் ஒட்டும், அதனால் கட்டை விரலை ஒவ்வொரு முறையும் சேலையில் துடைத்துக்கொண்டு எண்ணினார். இந்த வேலையில் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த விரல் எனக்குக் கிடைத்திருக்காது.

2020இல் ஊரே வீட்டில் இருந்தபோது, இப்போது நிறைய எழுதுவாய் என்றார்கள் தோழிகள். அஞ்சலகம் அத்தியாவசியச் சேவை. பஸ் ஓடாத நாட்களில் என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அந்த வருடம் நாவலில் நாற்பது பக்கம் திருத்தியதோடு சரி.

இனிப் பதிப்பகங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு முகவர்கள் இருக்கிறார்கள். தமிழில் பெரும்பாலும் எழுதியவரே பதிப்பகத்துக்கு நேராக அனுப்ப வேண்டும். முதல் கட்டு இடம் மாறிய அலுவலகத்தைத் தேடிப்போய்த் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். அப்புறம் அதே பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், எட்டு மாதம் பதில் இல்லை. போன் செய்தால், இன்னும் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மனமில்லை. இரண்டு மூன்று பேர் வைத்து நடத்தும் இடங்கள் அவை.

இரண்டாவது பதிப்பகம் பத்தே நாளில் பதில் போட்டது. நாவல் மிகச் சிறப்பு, உடனே போடலாம், 45,000 ரூபாய் அனுப்புங்கள், நூறு பிரதி உங்களுக்குத் தருவோம் என்றார்கள். நான் எங்கள் ஊழியர் கூட்டுறவு சொசைட்டியில் லோன் கேட்க விண்ணப்பம் வரைக்கும் வாங்கிவிட்டேன். அன்று இரவு என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படிச்சாங்களாமா? எந்த இடம் பிடிச்சிருந்ததுன்னு சொன்னாங்களா?" அந்த மின்னஞ்சலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு பாத்திரத்தின் பெயர்கூட அதில் இல்லை. விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டேன்.

அந்த முடிவை எடுக்க எனக்குத் தைரியம் தந்தது சம்பளம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாதக் கடைசியில் பணம் வந்துவிடும், வீடு நடந்துவிடும், ஆகவே இந்த நாவல் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கலாம். வேலையை விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தால் பதறிப்போய் அந்த 45,000த்தைக் கட்டியிருப்பேன். தமிழில் வங்கியிலும், தொலைபேசித் துறையிலும், வானொலியிலும், பள்ளிக்கூடத்திலும், போக்குவரத்துக் கழகப் பணிமனையிலும் வேலை பார்த்துக்கொண்டேதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். வேலை எழுத்தைத் தின்கிறது என்று நானும் புலம்பியவள்தான். அது எழுத்துக்குச் சோறும் போடுகிறது என்று அந்த இரவில்தான் புரிந்தது.

மூன்றாவது பதிப்பகத்துக்கு 2022 மார்ச்சில் அனுப்பினேன். இந்த முறை முழு நாவலை அனுப்பவில்லை. முதல் மூன்று அத்தியாயம், ஒரு பக்கத்தில் கதைச்சுருக்கம், நான் யார் என்று நாலு வரி. எல்லாம் யூனிகோடில். ஆகஸ்டில் பதில் வந்தது. முழுவதையும் கேட்டு வாங்கி, ஒரு மாதத்தில் பதினோரு பக்கக் கடிதம் எழுதினார் அங்கிருந்த ஆசிரியர். நாவல் நூறாவது பக்கத்தில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் இருப்பது நீங்கள் ஊரை அறிந்துகொள்வதற்காக எழுதியது என்று அதில் இருந்தது. இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் காலை நாலரைக்கு எழுந்து வாசித்தபோது அவர் சொன்னது சரி என்று பட்டது. தொண்ணூறு பக்கம் போனது. 2023 ஜனவரி வரைக்கும் திருத்தினேன்.

முதல் புரூஃப், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி, வந்தது மார்ச்சில். அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். பிபிஎஃப், செல்வமகள் என்று சேமிப்புக் கணக்குகளில் அந்த நிதியாண்டின் குறைந்தபட்சத் தொகையைக் கட்ட வருகிறவர்கள் கடைசி நாள் வரை வாசலைத் தாண்டி நிற்பார்கள். கணக்கு சரியாகி வீடு வந்து சேர எட்டரை ஆகும். பதிப்பகத்துக்கு உண்மையைச் சொல்லி ஏப்ரல் 20 வரை அவகாசம் கேட்டேன், தந்தார்கள். கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு ராத்திரியில் கண் எரிய உட்கார்ந்த முதல் பத்து நாளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

புரூஃபில் ஒரு விஷயம், எழுதுகிறவர்களுக்குப் பயன்படலாம் என்று சொல்கிறேன். என் நாவலில் கௌசல்யா என்று ஒரு பாத்திரம். போனில் எழுதியபோது பல இடங்களில் ஔகாரக் குறியைப் போடாமல், கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டிருக்கிறேன். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு எழுத்து. தேடினால் பாதிதான் அகப்படும், வரி உடையும்போது கெ ஒரு வரியிலும் ளசல்யா அடுத்த வரியிலுமாகப் போய் நின்றது. ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு கௌசல்யாவாகப் பென்சிலால் சுழித்தேன். இதற்கே ஆறு நாள் காலை போனது. இப்போது எழுதும்போதே அந்தக் குறியைச் சரியாகப் போடுகிறேன்.

அரசு வேலையில் இருக்கிறவர்களுக்கு அனுமதி பற்றிய பயம் உண்டு. எனக்கும் இருந்தது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964இல், 15ஆம் விதி எப்போதாவது செய்யும் இலக்கியப் பணியை முன் அனுமதி இல்லாமலே செய்ய இடம் தருகிறது. அலுவலக வேலை அதனால் கெடக் கூடாது, அவ்வளவுதான். புத்தகம் வெளியிட்டால் அதிலுள்ள கருத்துகள் அரசின் கருத்துகள் அல்ல, தன்னுடையவை என்று தெளிவாக்க வேண்டும் என்கிறது 8ஆம் விதி. இருந்தாலும் போஸ்ட்மாஸ்டர் வழியாகக் கோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலை வைத்துக்கொண்டேன். கருத்துகள் என்னுடையவை என்ற அந்த ஒரு வரியைப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் போடச் சொன்னேன். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது.

2023 டிசம்பரில் புத்தகம் வந்தது. 272 பக்கம். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், அந்தக் கணக்கில் பதினேழு. விலை 340. முதல் அச்சு 300 பிரதி. ராயல்டி பத்து சதவீதம், அதாவது பிரதிக்கு 34 ரூபாய். முதல் வருடம் 186 பிரதி விற்றதாகக் கணக்கு வந்தது: 6,324 ரூபாய். ஏழு வருடக் காலைகளுக்கு இது குறைவுதான். ஆனால் எண்களோடு வாழ்கிறவள் என்பதால் இதை மறைக்காமல் சொல்ல விரும்பினேன். இந்தப் பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இலக்கிய நூல் ராயல்டிக்கு மூன்று லட்சம் வரை கழிவு உண்டு.

சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஜனவரியில் போனேன். எங்களுக்கு ஆண்டுக்கு எட்டு நாள்தான் தற்செயல் விடுப்பு, வருடம் பிறந்ததும் இரண்டை எடுத்துவிட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். அரங்கில் என் புத்தகம் கீழ்த்தட்டில் முதுகு மட்டும் தெரிய இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் குனிந்து எடுத்து, நின்றபடியே நாலு பக்கம் படித்து, விலை பார்த்து, வைத்துவிட்டுப் போனாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து வாங்கினாள். நான் யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று ரயிலில் நினைத்தேன்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அவருக்கு நாவலைப் படித்துக் காட்டினாள். மூன்று மாதம் ஆனது. முடிந்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பசை காய்ச்சுறப்ப மயில்துத்தம் போடுவோம்லா, பூச்சி அரிக்காம இருக்க. அதை எழுதவே இல்லையே தாயி" என்றார். 143ஆம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. இரண்டாம் அச்சு வந்தால் சேர்க்க என் பிரதியில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.