வீட்டில் சின்னம்மை, வயிற்றில் பிள்ளை

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை போட்டுவிட்டால், கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் "வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே?" என்றுதான் விசாரிப்பார்கள். மருத்துவர் அங்கிருந்து தொடங்குவதில்லை. என் இரண்டாவது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில், மூத்த மகளின் காதோரத்தில் தண்ணீர் கோத்த ஒரு கொப்புளத்தைப் பார்த்துவிட்டு நான் தொலைபேசியில் அழைத்தபோது, என் மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்டது "உங்களுக்கு முன்பு அம்மை போட்டிருக்கிறதா?" என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே மற்ற அனைத்தும் அமைகின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒருமுறை சின்னம்மை வந்து போனவரின் உடலில் அதற்கான எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நிலைத்திருக்கும். அப்படிப்பட்ட தாய் நோயாளியின் அருகிலேயே இருந்திருந்தாலும், பொதுவாக அவருக்கோ கருவுக்கோ மருந்து எதுவும் தேவைப்படாது. தடுப்பூசியை இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர்களும் பெருமளவு பாதுகாப்பானவர்களே. சிக்கல், நினைவில் இல்லாதவர்களுக்குத்தான். நான் அம்மாவிடம் கேட்டதற்கு, "உனக்கா, உன் அக்காவுக்கா என்று சரியாக நினைவில்லையே" என்றார். நினைவு தடுமாறும் இடத்தில் இரத்தப் பரிசோதனைதான் துணை. வேரிசெல்லாவுக்கான (சின்னம்மை வைரஸுக்கான) ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அம்மை போட்டதாக நினைவே இல்லாத பலருக்கும் அது இருப்பதாகவே முடிவு வரும். அதற்காக எல்லோருக்கும் சிறு வயதிலேயே வந்து போயிருக்கும் என்று இருந்துவிடுவதற்கில்லை. வெப்பமண்டல நாடுகளில் சின்னம்மை சற்று வயது கூடிய பிறகே பலருக்கு வருகிறது. ஆகையால் எதிர்ப்பாற்றல் இல்லாமலேயே தாய்மை அடைகிற பெண்கள் அங்கே அதிகம்.

எவ்வளவு நெருக்கம் ஆபத்தானது என்பதும் முக்கியம். நோயாளியுடன் ஒரே அறையில் 15 நிமிடம் இருந்தாலோ, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசியிருந்தாலோ, ஒரே வீட்டில் வசித்தாலோ தொற்றுக்கு வாய்ப்பு உண்டு என்று கொள்கிறார்கள். கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நோய் பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பக்குக் கட்டும்வரை பரவிக்கொண்டிருக்கும். ஆகவே பிள்ளையைத் தனி அறையில் விடுவதால் மட்டும் தாய் தப்பிவிட முடியாது. நான் கொப்புளத்தைக் கண்டதே அவளுக்குத் தலை வாரும்போதுதான், அதற்கு முந்தைய இரவுகளில் அவள் என்னை ஒட்டித்தான் தூங்கியிருந்தாள். எதிர்ப்பாற்றல் இல்லாத ஒருவர் ஒரே வீட்டில் இருந்தால், பத்தில் ஒன்பது பேருக்கு நோய் தொற்றிவிடும். வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் அக்கியும் இதே வைரஸால்தான் வருகிறது என்றாலும், அது பெரும்பாலும் கொப்புளத்து நீர் நேரடியாகப் படுவதால்தான் பரவும் என்பதால், துணியால் மூடியிருந்தால் ஆபத்து மிகக் குறைவு.

எனக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்று முடிவு வந்தது. மருத்துவர் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, அவற்றை உடனே தொடங்க வேண்டாம், தொற்று நேர்ந்ததாகக் கருதும் நாளிலிருந்து ஏழாம் நாள் தொடங்கிப் பதினான்காம் நாள் வரை சாப்பிடுங்கள் என்றார். கையில் மருந்தை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வது எனக்கு விளங்கவே இல்லை. அவர் விளக்கியபின்தான் மனம் அமைதியானது. சுவாசத்தின் வழியே நுழையும் வைரஸ் முதலில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் பெருகி, இரத்தத்தில் சிறிதளவு கலந்து, கல்லீரல் போன்ற உறுப்புகளில் மறுபடியும் பெருகிய பிறகே, இரண்டாவது முறையாகப் பேரளவில் இரத்தத்தில் இறங்கித் தோலுக்கு வந்து சேர்கிறது. தொற்றியதிலிருந்து கொப்புளம் தோன்ற 10 முதல் 21 நாட்கள் ஆவது இதனால்தான். அந்த இரண்டாம் பெருக்கத்தைக் குறிவைத்தே மாத்திரையின் நாட்கள் கணக்கிடப்படுகின்றன.

மற்றொரு வழி, எதிர்ப்புப் புரதத்தையே ஊசியாகச் செலுத்துவது. இந்த இம்யூனோகுளோபுலினைத் தொற்று நேர்ந்து பத்து நாட்களுக்குள், முடிந்தவரை விரைவில் போட வேண்டும். அமெரிக்காவில் முன்பு 96 மணி நேரமாக இருந்த கெடுவைப் பின்னர் பத்து நாட்களாக நீட்டினார்கள். பிரிட்டனில் 2022 முதல் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையே முதல் தேர்வாகியிருக்கிறது. எதைத் தருவது என்பது மருத்துவரின் முடிவு; ஆனால் இரண்டுக்குமே நாட்கணக்கு உண்டு என்பதால், கொப்புளம் வருகிறதா பார்க்கலாம் என்று காத்திருப்பது, தடுக்கக் கிடைத்த நாட்களைத் தாமே தொலைப்பதாகும். இதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் மருத்துவமனைக்கு நேராகப் போய் மற்றக் கர்ப்பிணிகளோடு உட்கார்ந்துவிடக் கூடாது. தொற்று நேர்ந்த எட்டாம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை (இம்யூனோகுளோபுலின் போட்டிருந்தால் 28-ஆம் நாள் வரை) நம்மிடமிருந்தும் பரவக்கூடும் என்றே கருதுகிறார்கள். என்னைக் கடைசி நோயாளியாக, பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்துப் பார்த்தார்கள்.

கருவுக்கு நேரும் ஆபத்தைப் பற்றிய எண்கள் பலரும் அஞ்சுவதைவிடச் சிறியவை. தாய்க்கு உண்மையிலேயே சின்னம்மை வந்துவிட்டால், 13 வாரங்களுக்கு முன் சுமார் 0.4 விழுக்காடும், 13 முதல் 20 வாரங்களுக்குள் சுமார் 2 விழுக்காடும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படலாம்: தோலில் தழும்பு, கைகால் வளர்ச்சிக் குறை, கண்ணிலும் மூளையிலும் பாதிப்பு. அதன் பிறகு அது மிக அரிது. இவை நோய் வந்த தாய்மார்களுக்கான கணக்கு. நோயாளியின் அருகில் இருந்ததற்கான கணக்கு அல்ல. நோய் வந்தவர்களுக்குக் குறைந்தது ஐந்து வாரம் கழித்து விரிவான ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

எல்லோரும் பிள்ளையைப் பற்றியே கவலைப்படுவதில் தாய் மறக்கப்படுகிறாள் என்பது என் மனக்குறை. கர்ப்பிணிக்கு வரும் சின்னம்மை, குறிப்பாகப் பிந்தைய மாதங்களில், நுரையீரலைத் தாக்கி நிமோனியாவாக முற்றக்கூடும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவது நல்லது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கடுந்தலைவலி, கொப்புளங்களில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பிரசவத்தை ஒட்டி நோய் வந்தால் நிலைமை மாறுகிறது. பேறுக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் தோன்றினால், எதிர்ப்புப் புரதம் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளையைச் சேர நேரம் இருக்காது. பிறந்த குழந்தைக்கே அந்த ஊசியைப் போடுவார்கள்.

எனக்குக் கொப்புளம் ஏதும் வரவில்லை. அது மாத்திரையின் பலனா, பத்தில் தப்பிய ஒருத்தி நானா என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னம்மைத் தடுப்பூசியில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால் கர்ப்ப காலத்தில் அதைப் போடுவதில்லை. போட்ட பின்னரும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு மறுபடியும் இரத்தம் பார்த்து, அப்போதும் எதிர்ப்பாற்றல் இல்லை என்று தெரிந்தபின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டேன். தாய்ப்பால் கொடுப்பது அதற்குத் தடையில்லை. குறைந்தது நான்கு வார இடைவெளியில் போட வேண்டிய இரண்டாம் தவணையையும் விடாமல் போட்டுக்கொண்டேன்.