பேரனோடு ஆர்.வி.யில் கிராண்ட் கேன்யன்: ஓட்டுவதைவிட நிறுத்துவதில்தான் சுகம்

நேற்று மாலைதான் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். துணி மூட்டையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் இருவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். கூட வந்தது ஐந்து வயதுப் பேரன். மகளும் மருமகனும் வரவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் ஃபீனிக்ஸில் ஓர் ஆர்.வி.யை, அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் என்ற பெரும்பள்ளத்தாக்கின் தென்விளிம்புக்குப் போய் வந்தோம். பேரப்பிள்ளையோடு கிளம்ப நினைக்கும் மற்ற தாத்தா பாட்டிகளுக்கு உதவுமே என்று வழி, தங்குமிடம், செலவு என வரிசையாக எழுதத்தான் நினைக்கிறேன். ஆனால் குழந்தை இருக்கை விஷயத்தைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு மேலே ஓடாது.

வாடகை நிறுவனத்தில் சாவியை நீட்டிய இளைஞரிடம், "குழந்தை இருக்கையை எங்கே கட்டுவது?" என்று கேட்டேன். பக்கவாட்டில் இருந்த சோபாவைக் காட்டி, "அதில் உட்கார வையுங்கள், இந்த மாநிலத்தில் ஆர்.வி.க்கு விலக்கு உண்டு" என்றார். சட்டத்தில் விலக்கு இருக்கலாம். திடீரென்று பிரேக் போட்டால் அந்த விலக்கு குழந்தையைப் பிடித்துக்கொள்ளுமா? முன்பக்கம் பார்த்த இருக்கையில் மட்டும்தான் குழந்தை இருக்கையைக் கட்ட வேண்டும். பக்கவாட்டு சோபாவும் பின்பக்கம் பார்த்த பெஞ்சும் கூடவே கூடாது. இன்னொன்று: பல வண்டிகளின் சாப்பாட்டு மேசை பெஞ்சில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும், தோள் பெல்ட் இருக்காது. குழந்தையை உயர்த்தி உட்கார வைத்து வண்டியின் பெல்ட்டையே நம்பும் பூஸ்டர் இருக்கை அதில் உதவாது. குழந்தையின் தோளையும் இடுப்பையும் தன் வாரிலேயே பிடிக்கும் இருக்கைதான் வேண்டும். மகளின் காரிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தோம். எங்களுக்கு முதலில் காட்டிய வண்டியில் அந்த பெஞ்சில் பெல்ட்டே இல்லை. வேறு வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். நின்றது சரி என்றே இப்போதும் சொல்வேன். முன்பணம் கட்டுவதற்கு முன்பே பெல்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். இடையில் இருப்பது 145 மைல்தான். அந்த ஏற்றத்தை ஐ-17 நெடுஞ்சாலை மூச்சு வாங்க வாங்க ஏற வைக்கும். என்ஜின் கொதித்துவிடாமல் இருக்க ஏ.சி.யை அணைத்துவிடுங்கள் என்று சாலை ஓரத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். மே மாதக் கடைசி வெயிலில் ஏ.சி. இல்லாமல் அந்த மலை ஏறுவது கொடுமை. பின்னால் அலமாரிகளில் எவர்சில்வர் பாத்திரங்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள, லாரிகள் எங்களைத் தாண்டிப்போக, என் கணவர் வலது பாதையை விட்டு அசையவே இல்லை. 25 அடி நீள வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்த அவர் கைகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரனோ எல்லாவற்றையும் ரசித்தான். "தாத்தா, வீடு ஆடுகிறது!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

ஆர்.வி. எடுத்தால் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்கு ஓர் இரவுக்கு 170 டாலர் வாடகை. வாடகையோடு சேர்த்துத் தரும் இலவச மைல் முடிந்தபின் மைலுக்கு 40 சென்ட். ஜெனரேட்டர் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் தனிக்கட்டணம். போர்வை, தலையணை, பாத்திரம் எல்லாவற்றுக்கும் வாடகை கேட்டார்கள். வேண்டாம் என்று வீட்டிலிருந்தே எடுத்துப்போனோம். கேலனுக்கு எட்டு மைல்தான் போகிறது. ஐந்நூறு மைலுக்குச் சற்று மேல் ஓட்டியதற்கு 60 கேலனுக்கு மேல் பெட்ரோல் குடித்தது. காரில் போய் மோட்டலில் தங்கியிருந்தால் நிச்சயம் குறைவாகவே ஆகியிருக்கும். இத்தனைக்குப் பிறகும் மறுபடி போவேன். ஆனால் ஊர் ஊராக ஓட மாட்டேன். ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுத் தங்குவேன்.

கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள்ளேயே, தென்விளிம்புக் கிராமப் பகுதியில், வண்டியை நிறுத்தித் தங்க இரண்டு முகாம் திடல்கள் இருக்கின்றன. டிரெய்லர் வில்லேஜில் தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் எல்லாம் வண்டி நிற்கும் இடத்துக்கே வரும். மேதர் திடலில் அவை எதுவும் கிடையாது. 30 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு இடமும் இல்லை. ஆனால் பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது, கட்டணமும் குறைவு. நாங்கள் மேதரில் தங்கினோம். ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். அன்றைக்கே கணினி முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும்.

62 வயதானவர்கள் தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் பாஸ் வாங்காமல் கிளம்பவே கூடாது. ஆயுள் முழுவதற்கும் 80 டாலர்தான். வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் இல்லை. மேதர் போன்ற அரசுத் திடல்களில் பாதிக் கட்டணம். அமெரிக்கக் குடியுரிமையோ, நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டையோ (கிரீன் கார்டு) இருக்க வேண்டும். ஊரிலிருந்து விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்கு இது கிடைக்காது. தெரியாமல் வரிசையில் நின்று ஏமாந்துபோக வேண்டாம்.

காலையில் கதவைத் திறந்தால் படிக்குப் பத்தடி தள்ளி எல்க் மான் ஒன்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. மாடு அளவுக்குப் பெரிய உடம்பு. அழகாக இருக்கிறதே என்று கிட்டே போகக் கூடாது, முட்டித் தள்ளிவிடும். பேரனைப் படியிலேயே பிடித்து உட்கார வைத்தேன். அது தலையை நிமிர்த்தி, காதை ஒருமுறை சிலுப்பிவிட்டு, மறுபடி மேய்ந்தது. கையில் இருந்த பாலைக் குடிக்கவும் மறந்து அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இனி சாப்பாடு. தென்விளிம்பு கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வைத்தால் விடியும்வரை வேகாது. குக்கரை எடுத்துப்போங்கள், வேறு எதை விட்டாலும் அதை விடாதீர்கள். நான் மூன்று லிட்டர் குக்கரில் அரிசி, பருப்பு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, சாம்பார்ப்பொடியும் புளிக்கரைசலும் விட்டு வைத்தேன். தாளிக்கும் வேலையை உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. வண்டிக்குள் கடுகு வெடித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறிவிடும். வெளியே மேசையில் சிறிய கேஸ் அடுப்பில் நெய்யைக் காய்ச்சி, கடுகு, வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை போட்டேன். பைன் மர வாசனையில் பெருங்காயம் கலந்து வந்தபோது, பக்கத்து இடத்தில் தங்கியிருந்த டெக்சஸ் தம்பதி எழுந்தே வந்துவிட்டார்கள். குக்கர் விசிலுக்கே ஏற்கெனவே எட்டிப்பார்த்தவர்கள்தான். இரண்டு கிண்ணங்களில் போட்டுக் கொடுத்தோம். வீட்டில் ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்ச வைக்கும் பேரன், "இன்னும் போடுங்கள் ஆச்சி" என்று தட்டை நீட்டினான். அப்பளம் நொறுங்கிப்போயிருந்தது, அதையும் விடவில்லை. இந்த ஊர் உணவகங்களில் மூன்று பேருக்கு 70 டாலர் அழுதுவிட்டு, பிள்ளை இரண்டு உருளைக்கிழங்கு வறுவலோடு எழுந்துவிடுவதை நினைத்துப் பாருங்கள்.

கேன்யனைப் பற்றி நான் என்ன எழுத! ஆற்றின் வழியாக அளந்தால் 446 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ ஒரு மைல் ஆழம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளம் ஐந்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. அவனைப் பிடித்து வைத்தது காலப் பாதை. யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து கிராண்ட் கேன்யன் கிராமம் நோக்கி விளிம்போரமாக ஒரு பாதை போகிறது. அதில் ஒவ்வொரு மீட்டரும் பத்து லட்சம் ஆண்டு. நடுநடுவே அந்தந்தக் காலத்துப் பாறையை வைத்திருக்கிறார்கள்; தொட்டுப் பார்க்கலாம். ஒரே தாவலில் பத்து லட்சம் ஆண்டு என்று தாத்தா சொன்னதும் அவன் தாவ ஆரம்பித்தவன்தான், நிறுத்தவே இல்லை.

எதிரே தெரிந்த கூரான குன்றைக் காட்டி, "அதன் பெயர் பிரம்மா கோயில்" என்றார் என் கணவர். உண்மைதான். 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர்தான் இப்படி இந்தியத் தெய்வங்களின் பெயரைச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். விஷ்ணு கோயிலும் சிவன் கோயிலும் உண்டு. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் 170 கோடி ஆண்டுப் பழமையான பாறைக்கே விஷ்ணு என்றுதான் பெயர். "பிரசாதம் தருவார்களா?" என்று கேட்டான் பேரன். பாட்டிலில் இருந்த வேர்க்கடலையைக் கையில் போட்டேன்.

விளிம்பில் பல இடங்களில் கம்பித் தடுப்பே கிடையாது. கையை ஒரு நொடிகூட விடாதீர்கள். மாலையில் நடை வேண்டாம். உள்ளே ஓடும் பஸ்கள் இலவசம், முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அவைதான் துணை. குழந்தைகளுக்கான ஜூனியர் ரேஞ்சர் புத்தகமும் இலவசம்தான். அதில் உள்ளவற்றைச் செய்து காட்டினால், பூங்காக் காவலரான ரேஞ்சர் உறுதிமொழி சொல்ல வைத்து பேட்ஜ் தருகிறார். அதைக் குத்திக்கொண்டேதான் பேரன் தூங்கினான்.

பகலில் எப்படி இருந்தாலும் இரவில் குளிர் எலும்பைத் தொடும். வண்டியின் ஹீட்டர் புரொப்பேன் கேஸில் எரிகிறது. ஆனால் சூட்டை ஊதித் தள்ளும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. மின்சார இணைப்பு இல்லாத திடலில் ஜெனரேட்டர் போடக் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி, இரவில் கிடையவே கிடையாது. அதனால் கம்பளிகளை நம்புங்கள். ஆனாலும் நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளிரில் கழிவறை தேடி ஓடாமல், நாலு எட்டில் வேலையை முடித்துப் படுக்கவைத்தபோது, கொடுத்த வாடகை முழுவதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு முதலில் கழிவறைத் தொட்டியைத் திறக்க வேண்டும், பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியை. அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். வரிசையை மாற்றக் கூடாது. குழந்தையை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

திரும்பும்போது கிழக்குப் பக்கமாக டெசர்ட் வியூ என்ற இடத்தின் வழியாக வந்தோம். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932இல் கட்டி முடிக்கப்பட்ட கல் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கேமரன் என்ற ஊரில் 1916 முதல் இருந்துவரும் பழைய வணிக நிலையத்தில் சாப்பிட்டோம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் பொரித்த ரொட்டி, பட்டூராவைவிடத் தடிமன், ஓரம் மொறுமொறுவென்று, மேலே பீன்ஸும் தக்காளியும். மாமிசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1864இல் அமெரிக்க ராணுவத்தினர் நவஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து நடக்கவைத்தே துரத்தி, முகாமில் அடைத்து, மாவையும் கொழுப்பையும் ரேஷனாகக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த ரொட்டி என்று சொல்கிறார்கள். இவ்வளவு ருசியான ஒன்றுக்குப் பின்னால் அவ்வளவு அநியாயம். ஒரே ரொட்டியை மூவர் பகிர்ந்தும் மிச்சம்.

கடைசி இரவு ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஒரு தனியார் ஆர்.வி. பூங்காவில் தங்கினோம். பெயர் வேண்டாம். 85 டாலர் என்றார்கள், பிறகு ஐந்து வயதுக் குழந்தைக்குக் கூடுதல் ஆள் கட்டணம், அதற்கும் மேல் 'வசதிக் கட்டணம்'. வசதி என்றது பூட்டிக் கிடந்த நீச்சல் குளம். பக்கத்து வண்டிக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு நாற்காலி போட இடமில்லை. மேதரில் இதில் பாதிகூட ஆகவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இன்னொரு சண்டை. ஜெனரேட்டர் மணிக்கணக்கைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் படம் பிடித்து வைத்திருந்தேன். காட்டியதும் வாயை மூடிக்கொண்டு குறைத்தார்கள். ஆனால் 'உணவு வாசனை' என்று 150 டாலர் சுத்தம் செய்யும் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே தாளிக்கவே இல்லை. அடுப்பு, தரை, குளியலறை எல்லாம் நானே தேய்த்துக் கழுவித்தான் கொடுத்தேன். சமையலறை வைத்த வண்டியை வாடகைக்கு விட்டுவிட்டு, சமைத்ததற்கு அபராதமா? படங்களோடு கார்டு நிறுவனத்தில் ஆட்சேபம் பதிவு செய்திருக்கிறேன். பணம் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.