ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) உள்ளே இருந்தாலே ஸ்பீக்கர் ஆக்டிவ் ஆகிவிடாது

ரெண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே வெறும் இரண்டு கம்பி ஸ்பீக்கர் ஒயர் ஓடுதா? அப்படின்னா ஆம்ப் ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கு, கிராஸ்ஓவர் (பேஸையும் உச்ச ஒலியையும் பிரிக்கும் சர்க்யூட்) பெரும்பாலும் அதுக்குப் பிறகுதான். பவர்டு ஸ்பீக்கர், அவ்வளவுதான். நிஜ ஆக்டிவில் சிக்னல் ஆம்புக்கு முன்னாடியே பிரியும். பேஸ் தரும் வூஃபருக்கு ஒரு ஆம்ப், உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப். ஜெனலெக் 8030சி ஆக்டிவ் ஸ்பீக்கரில் 50 + 50 வாட். வூஃபருக்கும் ஆம்புக்கும் இடையே கிராஸ்ஓவர் காயில் இல்லை, அதனால் பேஸ் கட்டுக்குள் நிற்கும். ஆக்டிவின் பெரிய பலமே இதுதான்.

கம்ப்யூட்டரில் மாட்டியதும் ‘ம்ம்ம்’னு இரைந்தால் எர்த் லூப்பாக (ரெண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல்) இருக்கலாம். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்க. டேக்கில் (DAC, டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) பேலன்ஸ்டு அவுட் (இரைச்சலைத் தடுக்கும் வகை இணைப்பு) இருந்தால் அதுக்கான எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு மாறுங்க. எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து உடைக்காதீங்க, உயிர் போற விஷயம். ட்வீட்டரில் ‘ஸ்ஸ்’ கேட்டால் பின்பக்க இன்புட் லெவலைக் குறைச்சு, டேக்கில் வால்யூமை ஏத்துங்க.

பாசிவா (உள்ளே ஆம்ப் இல்லாத ஸ்பீக்கர்)? 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் தாராளம். ஆம்ப் போனால் அதை மட்டும் மாத்தலாம். ஆக்டிவில் உள்ளே இருக்கும் ஆம்ப் போர்டு போனால் பெட்டியையே சர்வீசுக்குத் தூக்கிட்டுப் போகணும். வாங்கும் முன்னாடியே உதிரி போர்டு கிடைக்குமான்னு கேட்டுக்கோங்க.